சமாதானத்தை ஏற்கும் அதிகாரம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இஸ்திரிப் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. ஈரம் காயாத படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒருவர் கை முந்தினாலும் துணி கோணிக்கொள்ளும். இயந்திரச் சத்தம் காதைப் பிய்க்கும் அந்தக் கூடத்தில் அவள் வாயைத் திறப்பதே குறைவு. ஒரு பார்வை பார்ப்பாள், ஆள் நகர்ந்து நிற்பார். யாரை யாரோடு சேர்த்தால் வேலை ஓடும், யாரைப் பிரித்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

வீட்டிலும் அதே கதைதான். பெற்றோர் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். பெரியவன், சின்னவன் என்று அவள் கூப்பிட்டதே தெருவுக்கும் பழகிப்போயிற்று. தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தவரிடம், "இவங்க ரெண்டு பேரும் என்கூடத்தான் வருவாங்க" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாள். வந்தவர் வேன் ஓட்டுகிறவர். "வண்டில இடம் இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைக் கட்டிக்கொண்டாள்.

பெரியவன் தலையெடுத்து ஒரு வெல்டிங் பட்டறை வைத்தான். சின்னவனையும் கூடவே இழுத்துக்கொண்டான். தொழிலைச் சொல்லிக்கொடுத்தது பெரியவன் என்றாலும் கை என்னவோ சின்னவனுக்குத்தான் வாய்த்திருந்தது. மெல்லிய தகடு, குழாய் மூட்டு என்று நுணுக்கமான வேலை வந்தால், "சின்னவர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் வருவார்கள். பெரியவனுக்கு அதில் பெருமையும் உண்டு, உள்ளுக்குள் ஒரு உறுத்தலும் உண்டு. தம்பி எந்த வேலையை எடுக்கலாம், எப்போது வீட்டுக்குப் போகலாம், யாரோடு பழகலாம் என்பது வரை அவன்தான் சொல்வான். சின்னவன் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். தலையை ஆட்டிவிட்டு வெல்டிங் முகமூடியைக் கீழே இறக்கிக்கொள்வான்.

அப்படித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவன்தான், யாரிடமும் மூச்சுவிடாமல் கப்பல் கட்டும் தளத்துக்குப் போய் வேலைக்கான தேர்வில் வெல்டிங் செய்துகாட்டித் தேறிவிட்டு வந்தான்.

அன்றைக்கு அக்காவுக்கு அரை நாள் வேலை. வீட்டுக்குப் போகிற வழியில் பட்டறையில் தலையைக் காட்டினாள். அவள் வரட்டும் என்று காத்திருந்தவன் மாதிரி சின்னவன் பேச்சை எடுத்தான்.

"அண்ணா, அடுத்த மாசத்துலேர்ந்து நான் வரமாட்டேன். கப்பல் தளத்துல வேலை கிடைச்சிருக்கு."

பெரியவன் கையில் ஒரு இரும்புக் குழாய் இருந்தது. "யாரைக் கேட்டுட்டு?"

"யாரையும் கேக்கல."

"நான் கத்துக்குடுத்த கைடா அது. என்னைக் கேக்காம எங்க போகும்?"

சின்னவன் சிரித்தான். அது ஏளனச் சிரிப்பு இல்லை, பயந்தால் அவனுக்கு வருகிற சிரிப்பு. அக்காவுக்குத் தெரியும். பெரியவனுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அந்தச் சிரிப்போடு குழாய் சின்னவன் தோளில் இறங்கியது. சின்னவன் குப்புற விழுந்தான். வலது கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். இரண்டாவது அடி அந்த மணிக்கட்டில் விழுந்தது.

குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, தம்பியைத் தோளில் அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவனும் பெரியவன்தான். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓடினான். எலும்பு நொறுங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். போலீஸ் வந்து கேட்டபோது அக்கா அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றபடி பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். முதல் அடி, இரண்டாவது அடி, எல்லாம். அந்த நேரத்தில் அவளுக்குப் பெரியவன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை.

பெரியவன் சிறைக்குப் போய், ஜாமீனில் வந்தான். சின்னவன் கையில் தகடு வைத்துத் தைத்தார்கள். காயம் ஆறியது, விரல்கள் பாதிதான் மடங்கின. ஒரு தம்ளரைப் பிடிக்கலாம், வெல்டிங் கம்பியை ஆடாமல் பிடிக்க முடியாது. கப்பல் தளத்து வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. சின்னவன் அக்கா வீட்டோடு இருந்துகொண்டு, இடது கையால் எழுதிப் பழகினான்.

கோபம் என்பது அக்காவிடம் ரொம்ப நாள் தங்குகிற சாமான் இல்லை. மாதங்கள் போகப் போகப் பெரியவன் சாப்பிட்டானா, இளைத்துவிட்டானா என்ற கவலை தலைதூக்கியது. ஒருநாள் அவனே வந்து வாசலில் நின்றான். தாடியும் அழுக்குச் சட்டையுமாக. "நான் நினைச்சு அடிக்கல அக்கா" என்றான். அக்கா அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, டி.வி. பார்த்துக்கொண்டிருந்த சின்னவனுக்கு எதிரில் உட்காரவைத்தாள்.

"டேய், உன் அண்ணன் வந்திருக்கான். நடந்தது நடந்துபோச்சு. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

சின்னவன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் இஷ்டம் அக்கா" என்றான்.

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பெரியவனுக்கு வாதாடிய வக்கீலுக்குக் கோர்ட் வளாகத்தில் "நிதானம்" என்று பட்டப்பெயர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார் என்றால் அது முடிவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் சொல்வதைத் திருத்தமாகச் சொல்வார்.

"ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க ஐயா. கேஸை முடிச்சுக்குடுங்க" என்று அக்கா கேட்டாள்.

"முடிக்கிறது என் கையில இல்லம்மா. சொல்லப்போனா, முதல் கோர்ட்டு கையிலயும் இல்ல." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடி எல்லாம் ஒரே அடி இல்ல. சட்டத்துல தரம் பிரிச்சு வெச்சிருக்காங்க. சும்மா ஒரு அறை, ஒரு கீறல்னா அடிபட்டவர் வந்து 'விட்டுட்டேன்'னு சொன்னா போதும், கீழ்க்கோர்ட்டே முடிச்சிடும். எலும்பு உடைஞ்சா கொடுங்காயம். அதை ஆயுதத்தால செஞ்சா இன்னும் பெரிசு. அது அண்ணன் தம்பி விவகாரமா இருக்காது, அரசாங்கத்துக்கும் உங்க தம்பிக்கும் நடக்கிற வழக்கு. அதுல சமாதானத்தை ஏத்துக்கிற அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு மட்டும்தான்."

"அப்ப நேரா அங்கேயே போயிடலாமே."

"போலாம். ஆனா கீழ கேட்டீங்களான்னு மேல கேப்பாங்க. படிப்படியாப் போறதுதான் நல்லது."

அப்படித்தான் அவர்கள் படியேறத் தொடங்கினார்கள்.

முதல் கோர்ட் தரைத்தளத்தில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம். உள்ளே பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். ரயிலில் டிக்கெட் இல்லாமல் வந்தவர், பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டியவர், கோழி திருடியவர் என்று மளமளவென்று வழக்குகள் ஓடின. நீதிபதி இளம்பெண். அவள் சமாதான மனுவைக் கடைசி வரி வரை படித்ததை அக்கா கவனித்தாள்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, சரி" என்றாள் நீதிபதி. "ஆனா இந்தப் பிரிவுல சமாதானத்தை ஏத்துக்கிற அதிகாரம் எனக்கு இல்ல. வழக்கை விசாரிக்கலாம், தண்டிக்கலாம், விடுதலை பண்ணலாம். இதை மட்டும் பண்ண முடியாது."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள். "அம்மா, தண்டிக்க அதிகாரம் இருக்குன்னா சேர்த்துவைக்க இருக்காதா?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "இல்லம்மா. அப்படித்தான் பிரிச்சிருக்காங்க" என்றாள். மனு தள்ளுபடி ஆனது.

மாவட்ட நீதிமன்றம் அதே கட்டடத்தின் மாடியில். அங்கே பெஞ்சுகள் மெழுகு தேய்த்துப் பளபளத்தன, கூட்டமும் குறைவு. பேச்சுகூடத் தணிந்துதான் நடந்தது. கொலை வழக்குகள் எல்லாம் நேராக இங்கேதான் வரும் என்று நிதானம் சொன்னார். அந்த நீதிபதிக்கு விடாத இருமல். இருமலுக்கு நடுவே அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கீழ்க்கோர்ட் சட்டப்படி நடந்ததா என்று பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு, பார்த்தார், சட்டப்படிதான் நடந்திருக்கிறது. சட்டம் கீழே கொடுக்காததை மாடியில் அவரும் கொடுக்க முடியாது.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேர்கிட்ட அனுமதி வாங்கலையே" என்றார் அக்காவின் கணவர், படி இறங்கும்போது. சின்னவன்கூடச் சிரித்தான். பெரியவன் சிரிக்கவில்லை. அவன் இந்த அலைச்சல் முழுக்கத் தம்பிக்கு ஒரு கை இடைவெளி விட்டே நடந்துவந்தான்.

உயர்நீதிமன்றம் தலைநகரத்தில். கணவர் வேனிலேயே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார். பெரியவனும் அவன் மனைவியும் நடு இருக்கையில். சின்னவன் பின்னால் தனியாக, ஜன்னலோரம். அக்கா முன்னால் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரே வண்டியில் இரண்டு பேரும் வருகிறார்களே, இன்னும் ஒரு படிதானே என்று மனசு கணக்குப் போட்டது.

அந்தக் கட்டடத்தில் தூண்களே ஆள் உயரத்துக்கு நான்கு மடங்கு இருந்தன. வராந்தாவில் கறுப்பு அங்கி போட்டவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். இவர்களுடைய வழக்கு எண் ஒரு சின்னத் திரையில் வந்ததும் உள்ளே போனார்கள். நீதிபதி நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி. நிதானம் தன் வழக்கப்படி தொடங்கினார்: உடன்பிறந்தவர்கள், ஒரு கண நேர ஆத்திரம், குடும்பம் ஒன்றுசேர்ந்துவிட்டது, இந்த நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள விசேஷ அதிகாரத்தைப் பயன்படுத்தி வழக்கையே ரத்துசெய்ய வேண்டும்.

நீதிபதி முழுக்கக் கேட்டார். பிறகு, "அடிபட்டவர் யார்?" என்றார்.

சின்னவன் எழுந்தான்.

"கையை மடக்கிக் காட்டுங்க."

மடங்கிய வரை மடக்கிக் காட்டினான். நீதிபதி பேனாவை மூடி வைத்தார். "இவர்கிட்ட நான் என் அறையில பேசணும்."

அக்காவும் சட்டென்று எழுந்தாள். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், போலீஸ் ஸ்டேஷனில் சின்னவனை யார் கூப்பிட்டாலும் எழுந்தவள் அவள்தான். கால் தானாகவே நகர்ந்தது.

"நீங்க இல்லம்மா" என்றார் நீதிபதி. "அவர் மட்டும்."

அக்கா உட்கார்ந்தாள். நீதிபதியின் பின்னால் இருந்த கதவு வழியாகச் சின்னவன் உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது. பெரியவன் மனைவி மெல்ல, "என்ன அண்ணி கேப்பாங்க?" என்றாள். "என்ன கேக்கப்போறாங்க, சம்மதமான்னு கேப்பாங்க" என்று அக்கா சொன்னாள். சொல்லும்போதே, சம்மதமா என்று தான் அவனை ஒருநாளும் கேட்டதில்லை என்பது நெஞ்சில் தட்டியது. மன்னிச்சிட்டேன்னு சொல்லு என்றுதான் சொன்னாள். அவள் சொன்னாள், அவன் 'உன் இஷ்டம்' என்றான், அவ்வளவுதான்.

கதவு திறக்க நேரம் பிடித்தது. வெளியே வந்த சின்னவன் யாரையும் பார்க்காமல் தன் இடத்துக்கு வந்து நின்றான். நீதிபதி நாற்காலியில் அமர்ந்து, இரண்டே வாக்கியத்தில் முடித்தார். இந்தச் சமாதானம் மனமுவந்து செய்துகொண்டதாக நீதிமன்றத்துக்குத் தோன்றவில்லை. மனு தள்ளுபடி, கீழ்க்கோர்ட்டில் விசாரணை தொடரட்டும்.

பெரியவன் விருட்டென்று எழுந்து வெளியே போனான். மனைவி பின்னால் ஓடினாள். அவர்கள் வேனுக்குத் திரும்பி வரவில்லை. பஸ் பிடித்துப் போய்விட்டார்கள்.

அக்கா சின்னவனைக் கோர்ட் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டீ வந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

"என்னடா சொன்ன உள்ள?"

"அவங்க கேட்டாங்க. சொன்னேன்."

"என்ன கேட்டாங்க?"

"'உங்களுக்கு என்ன வேணும்'னு கேட்டாங்க." சின்னவன் தம்ளரை இடது கையால் சுற்றிக்கொண்டிருந்தான். "எனக்குச் சட்டுன்னு பதில் வரல அக்கா. அவங்க அவசரப்படுத்தல. தண்ணி குடுத்தாங்க. அப்புறம்தான் கேட்டேன், இந்த மனுவை நீங்க ஏத்துக்கிட்டா என்ன ஆகும்னு. 'வழக்கே ரத்தாயிடும். இப்படி ஒரு வழக்கு இருந்ததாவே எங்கயும் பதிவு இருக்காது'ன்னாங்க."

"அதுதானேடா நாம கேட்டது."

"நீ கேட்ட. நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனா அவங்க அப்படிச் சொன்னதும்... வழக்கே இல்லன்னா என் கைக்கு என்ன ஆச்சு? தானா உடைஞ்சுதா?" அவன் குரலை உயர்த்தவில்லை. "அவன் ஜெயிலுக்குப் போகணும்னு நான் கேக்கல அக்கா. இது தப்புன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும். நீயும் சொல்லல, மாமாவும் சொல்லல. எல்லாரும் 'நடந்தது நடந்துபோச்சு'ன்னுதான் சொன்னீங்க."

அக்காவுக்குக் கோபம் வந்தது. நீதிபதி மேல், தம்பி மேல், தன் மேல், யார் மேல் என்று தெரியாமல் வந்தது. "இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? மூணு கோர்ட்டு ஏறியிறங்கினோமே."

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ" என்றான் சின்னவன். "சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன். நீ அழுவ."

அவள் அப்போது அழவில்லை. வேனில் வரும்போது, நடு இருக்கை காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோது அழுதாள். கணவர் ஓரமாக வண்டியை நிறுத்தி, அவள் முகம் கழுவிக்கொள்ளும் வரை பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அவளும் சின்னவனும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் சாப்பிட்டாயா, விளக்கை அணைக்கட்டுமா என்பதோடு நிறுத்திக்கொள்வது லேசான காரியம் இல்லை.

விசாரணைத் தேதி வந்தது. அடியைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அக்கா. அவளுக்குத்தான் முதல் அழைப்பாணை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெரியவன் மனைவி வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது.

"அண்ணி, நீங்க பொய் சொல்ல வேணாம். சரியாப் பார்க்கலன்னு சொன்னா போதும். பட்டறையில புகை, வெளிச்சம், கண்ணு கூசும்தானே. அவருக்கு வேற யாரு இருக்கா உங்களை விட்டா?"

அக்கா அவளைச் சாப்பிடவைத்து அனுப்பினாள். நிதானத்திடம் ஒரு யோசனை கேட்கலாம் என்று போனபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கும்பிட்டார். "மன்னிச்சுக்குங்கம்மா. நான் உங்க தம்பிக்கு வக்கீல். நீங்க எதிர்த்தரப்புச் சாட்சி. இனிமே நாம கோர்ட்லதான் பேச முடியும்" என்றார். இத்தனை மாதம் தன்னோடு படியேறிய மனிதர் அப்படிச் சொன்னதும் அவளுக்கு யாருமற்ற இடத்தில் நிற்பது போலிருந்தது.

அதே தரைத்தளம், அதே நெரிசல். கூண்டில் ஏறி உறுதிமொழி சொன்னாள். ஒரு பக்கம் பெரியவன் சட்டைக் கையை மடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். மறுபக்கம் சின்னவன். அவள் இரண்டு பேரையும் பார்க்காமல் நீதிபதியின் மேசை விளிம்பைப் பார்த்தாள். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பிறகு நிதானம் எழுந்தார்.

"நீங்க பட்டறை வாசல்ல நின்னீங்க?"

"ஆமாங்க."

"உள்ள வெல்டிங் புகை இருந்திருக்கும்."

"அப்ப யாரும் வெல்டிங் பண்ணல."

"எல்லாம் ஒரு நொடியில நடந்துபோச்சு, இல்லையா?"

"ஆமாங்க."

"முதல் அடி ஆத்திரத்துல விழுந்துடுச்சு. அந்த வேகத்துல குழாய் மறுபடியும் கைதவறிப் பட்டிருக்கலாம், இல்லையா?"

இதற்கு ஆமாம் என்றால் போதும். அவ்வளவு சின்ன வாய்ப்பை எவ்வளவு மரியாதையாக நீட்டுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பெரியவன் சட்டைக் கையை மடிப்பதை நிறுத்திவிட்டான்.

"இல்லங்க" என்றாள் அக்கா. "சின்னவன் விழுந்துட்டான். கையை ஊணி எழுந்திரிக்கப் பார்த்தான். அந்தக் கையைப் பார்த்துத்தான் பெரியவன் அடிச்சான்." "இவனைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் அவன்தாங்க. அதையும் எழுதிக்கங்க."

"எழுதிக்கிறேன்" என்றாள் நீதிபதி.

நிதானம் மேற்கொண்டு கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

சின்னவனும் டாக்டரும் சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு நாளில் குற்றம் நிரூபணமானதாக நீதிபதி அறிவித்தாள். பிறகு காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்திப் பெரியவனைப் பார்த்துப் பேசினாள்.

"நான் குடுக்கக்கூடிய தண்டனைக்கு ஒரு உச்சம் இருக்கு. இந்தக் குற்றத்துக்குச் சட்டம் அதைவிட அதிகமா அனுமதிக்குது. போதாதுன்னு நினைச்சா நான் வழக்கை மேல அனுப்பணும். அனுப்பணுமான்னு யோசிச்சேன். அவர் உங்க தம்பி, நீங்க வளர்த்த தொழிலாளி, விழுந்து எழுந்திரிக்கப் பார்த்தப்ப அடிச்சீங்க. இதுவரைக்கும் உங்க மேல வேற எந்தக் குற்றமும் இல்ல. அவரைத் தூக்கிட்டு ஓடினதும் நீங்கதான். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து, என் அதிகாரத்துக்குள்ளயே முடிக்கிறேன்." இரண்டு வருடம் சிறை என்று எழுதினாள். எழுதுவதற்கு முன் சின்னவனிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டாள்.

"எவ்வளவுன்னு நான் சொல்லக் கூடாதுங்க" என்றான் சின்னவன். "அவன் செஞ்சது தப்புன்னு அவன்கிட்டயே சொன்னீங்களே, அது போதும்."

பெரியவன் முதல் தடவையாகத் தம்பியைத் திரும்பிப் பார்த்தான்.

மேல்முறையீடு செய்வது அவனுடைய உரிமை, அவன் செய்தான். இருமல் நீதிபதி வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தீர்ப்பு சரிதான் என்றார். தண்டனையை மட்டும் ஒரு வருடமாகக் குறைத்தார். அதற்கு மேல் படியேற வேண்டாம் என்று பெரியவன் நிதானத்திடம் சொல்லிவிட்டானாம். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "அக்கா சொன்னதுக்கு மேல யார்கிட்ட போய் என்ன சொல்றது?" என்று கேட்டானாம். நிதானமே வீடு தேடி வந்து இதைச் சொன்னார். வழக்கு முடிந்துவிட்டதால் இப்போது பேசலாம் என்று ஒரு முன்னுரையும் போட்டார்.

முதல் சில மாதங்கள் அக்கா சிறைக்குப் போனபோது பெரியவன் அவளைப் பார்க்க மறுத்தான். அவள் துவைத்து மடித்துக் கொண்டுபோன துணிகளை மட்டும் வாங்கிக்கொண்டான். அவளும் விடவில்லை. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து நேரம் முடிந்ததும் எழுந்து வருவாள். ஒருநாள் வந்து நின்றான். தாடியை எடுத்திருந்தான்.

"வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. உன் பொண்டாட்டி தையல் கத்துக்கப் போறா. உன் மாமா வண்டிக்கு டயர் மாத்தியாச்சு."

"அவன்?"

"தொழிற்பள்ளியில வேலைக்குச் சேர்ந்திருக்கான். வெல்டிங் சொல்லிக்குடுக்கிறான். கையால செய்ய முடியாததை வாயால சொல்றான். பசங்க செய்றாங்க."

பெரியவன் வலையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, வெளிய வந்ததும் நான் அவனைப் பார்க்க வரலாமான்னு கேளு. வரச்சொல்லுன்னு சொல்லாத. கேட்டுப்பாரு."

அன்று மாலை சின்னவன் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெரியவன் இளைத்துப்போனதையோ வலையைப் பிடித்துக்கொண்டு நின்றதையோ சேர்த்துச் சொல்ல வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சின்னவன் செருப்பு வாரைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான்.

"இப்ப வேணாம் அக்கா" என்றான். "பின்னாடி தோணிச்சுன்னா நானே போறேன்."

"சரி" என்றாள் அக்கா. உள்ளே போய் அவனுக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாள்.